எல்லாம் எல்லாவற்றையும் விடச் சத்தமாக

1971 டிசம்பர். ஸ்விட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் மாண்ட்ரோ என்று ஓர் ஊர். குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் ஐந்து பேரும் வாத்தியங்களைப் பரப்பியிருந்தார்கள். எதிரொலியை அடக்க ஹோட்டல் மெத்தைகளை இழுத்து வந்து போட்டிருந்தார்கள். பதிவு இயந்திரங்கள் வெளியே நின்ற லாரிக்குள் இருந்தன. அது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டூடியோ. வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் அறைக்குள் புகுந்து அறை, பால்கனி தாண்டி பால்கனி என்று சுற்றிக்கொண்டு, குளிரில் லாரி வரை போய் வர வேண்டும். சில தடவை போய் வந்ததும் அலுத்துவிட்டது. கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். வாசிக்கும்போதே சரியாக விழுந்த மாதிரி இருந்தால் அடுத்த பாட்டு, அவ்வளவுதான்.

'மெஷின் ஹெட்' ஆல்பம் இப்படித்தான் பதிவானது. ஏழு பாட்டு, சுமார் 37 நிமிடம்.

ராக் இசைக்காரர் என்றதும் நீள முடி, கலர் வெளிச்சம், உடைந்த கிட்டார் என்று ஒரு படம் மனதில் வரும். கிட்டே போய்ப் பார்த்தால், காதுக்கு எது வந்து சேர்கிறது, எது சேரவில்லை என்கிற ஓயாத தகராறுதான் அந்த வேலையில் முக்கால்வாசி. ஸ்டூடியோவில் தேவைக்கு மேல் கேட்கும். ஒரே எட்டு மாத்திரையை நாற்பது தடவை கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் நேர்மாறு. ஆறடி தள்ளி நிற்பவர் என்ன வாசிக்கிறார் என்பதே கேட்காது. அதே ஐவர் எட்டு மாதம் கழித்து ஜப்பானில் வாசித்த கச்சேரிகளும் பதிவாகியிருப்பதால், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க டீப் பர்ப்பிளை விட வசதியான குழு கிடையாது.

அவர்கள் ஹோட்டல் நடைவழிக்கு விரும்பிப் போகவில்லை. மாண்ட்ரோ கேசினோவின் அரங்கில் பதிவதாகத்தான் திட்டம். டிசம்பர் 4-ஆம் தேதி அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவர் தீப்பிழம்புத் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கட்டடமே எரிந்து போனது. அதற்குப் பிறகு பெவிலியன் என்ற அரங்கத்தில் ஏற்பாடானது. இரவில் ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோதே அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் கதவைத் தட்டியது. அந்த ஒரு முறை வாசிப்பு (டேக்) முடியும் வரை குழுவின் ஆட்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அதற்குப் பிறகு கிடைத்ததுதான் ஹோட்டல்.

அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுப்பது கிட்டாரோ பாட்டோ அல்ல, பேஸும் காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும்தான். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். காற்றில் ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் அந்தச் சுரத்தின் ஓர் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். அரையடி மெத்தை அதற்கு எம்மாத்திரம்? மெத்தை உயர் சுரங்களை உறிஞ்சும். சிம்பலின் சீறலும் கைதட்டின் எதிரொலியும் அடங்கும். கீழ்ச்சுரம் அதைத் தாண்டி, சுவரையும் தாண்டிப் போய்க்கொண்டேயிருக்கும். நம் ஊரில் வாடகை வீட்டு மாடி அறையில் முட்டை அட்டை ஒட்டிவிட்டு, 'சவுண்ட் ப்ரூஃப் பண்ணியாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இதே கதிதான். முட்டை அட்டை எதையும் தடுக்காது, எதிரொலியைக் கொஞ்சம் கலைக்கும். சத்தம் வெளியே போகாமல் இருக்க எடையும் இடைவெளியும் வேண்டும். கனமான சுவர், நடுவில் காற்று, மறுபடியும் ஒரு சுவர், கதவிடுக்கில் ரப்பர். கதவுக்கடியில் ஒரு விரற்கடை சந்து இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

வேலை இரண்டு வாரத்தில் முடிந்ததற்கு ஒரு காரணம், எல்லாப் பாட்டும் ஸ்டூடியோவில் பிறக்கவில்லை. ஆல்பத்தின் முதல் பாட்டு, போர்ட்ஸ்மத் ஊருக்குப் போகும் பஸ்ஸில் உருவானது. 'நீங்கள் எப்படிப் பாட்டு போடுகிறீர்கள்?' என்று ஒரு பத்திரிகையாளர் கேட்க, குழுவின் கிட்டார்காரர் பிளாக்மோர் கிட்டாரை எடுத்து ஒரே சுரத்தைத் தட்ட ஆரம்பித்தார், பாடகர் கில்லன் வாய்க்கு வந்ததைப் பாடினார். அன்று இரவே மேடையேற்றிவிட்டார்கள். மாண்ட்ரோவுக்கு வந்தபோது அந்தப் பாட்டு பல ஊர் மேடைகளைப் பார்த்திருந்தது. மேடையில் பழகிய பாட்டில் வேகம் எங்கே ஓடும், எங்கே இழுபடும் என்பது எல்லோருக்கும் உடம்பிலேயே தெரிந்திருக்கும். ஸ்டூடியோவில் புதிதாகக் கோக்கும் பாட்டில் இந்த அறிவு இல்லை. 'ஒத்திகையில் நன்றாகத்தானே இருந்தது' என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, ஒத்திகையில் அடக்கி வாசித்துப் பாடகருக்குச் சுருதி முடிவு செய்வது. முழுச் சத்தத்தில் பாடும்போது குரல் வேறு இடத்தில் நிற்கும். அரைச் சுரம் இறக்கியிருக்க வேண்டியது பதிவு நாளன்றுதான் தெரியவரும். அதற்குள் ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் பதிவாகியிருக்கும்.

பதிவுக்கு முந்தின நாள் வேலை மேடையில் யாருக்கும் தெரியாத வேலை. கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு, கையால் இழுத்து இழுத்துவிட்டு, நாலைந்து தடவை சுருதி சேர்த்தால்தான் நிற்கும். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் 12-ஆவது கட்டை மேல் விரலை வெறுமனே தொட்டு எழுப்பும் மணியோசையையும், அதே கட்டையில் அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் ட்யூனரில் பார்க்க வேண்டும். அழுத்தியது மேலே நின்றால், பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பி நீளத்தைக் கூட்டுவது. கீழே நின்றால் முன்னுக்குக் கொண்டுவருவது. இதைச் செய்யாத கிட்டார் தனியாகக் கேட்கும்போது குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது கிட்டாரையும் கீபோர்டையும் மேலே அடுக்கும்போது எல்லாம் சேர்ந்து லேசாக நாறும். எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

ட்ரம்ஸ் இன்னும் மோசம். தோலை மாற்றி, திருகுகளைக் கையால் முடிந்த மட்டும் முறுக்கி, பிறகு சாவியால் கால் சுற்று, எதிரெதிர்த் திருகாக. வட்டமாகப் போனால் தோல் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுரம் வரும் வரை திருத்த வேண்டும். மிருதங்கத்துக்கு வார் பிடித்துச் சுருதி சேர்ப்பவரைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இவ்வளவும் செய்து முடித்தபின் பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசிக்கும்போது மட்டும் ஸ்னேர் என்ற சிறு ட்ரம்மின் அடிக்கம்பிச் சுருள் 'ஸ்ஸ்' என்று அதிரும். ஸ்னேரும் அந்தச் சுரமும் ஒத்து அதிர்வதுதான் காரணம். ஸ்னேரை அரைச் சுரம் ஏற்றினாலோ இறக்கினாலோ அடங்கிவிடும். அதை விட்டுவிட்டு டேப் ஒட்டி அமுக்கினால் அதிர்வோடு சேர்ந்து ஸ்னேரின் உயிரும் போகும்.

மைக் வைப்பதில் எனக்குப் பிடித்த கட்சி, குறைவாக வைப்பவர்கள் கட்சி. அதே 1971-இல் லெட் ஸெப்பலின் குழு இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிந்தபோது, இஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் ட்ரம்ஸைக் கூடத்தில் வைத்துவிட்டு, படிக்கட்டுக் கிணற்றின் மேலிருந்து இரண்டே இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டார். அந்த ட்ரம்ஸின் பிரம்மாண்டம் படிக்கட்டின் உயரத்திலிருந்து வந்தது. பன்னிரண்டு மைக் வைத்தால் பன்னிரண்டு தொல்லை. ஒரே அடி ஒவ்வொரு மைக்குக்கும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்வதால், ஒன்றில் அலை மேடாகவும் இன்னொன்றில் பள்ளமாகவும் விழுந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்துக் கேட்டுப் பாருங்கள். சத்தம் கூடுவதற்குப் பதில் டொக்கென்று ஒல்லியாகும். அடிக்கும்போது மேல் தோல் ஒரு மைக்கை விட்டு விலகுகிறது, கீழ்த் தோல் இன்னொரு மைக்கை நோக்கி வருகிறது. கீழ் மைக்கின் துருவத்தைப் பொத்தானை அழுத்தித் திருப்பினால் உடனே உடம்பு வந்துவிடும்.

ட்ரம்மர் இப்போதெல்லாம் காதில் கிளிக் என்னும் தாள ஓசையை ஓடவிட்டுத்தான் வாசிக்கிறார். கிக்கும் ஸ்னேரும் அடிபடும்போது அந்த 'டிக் டிக்' கேட்கவில்லை என்று ஏற்றச் சொல்வார், ஏற்றுவார்கள். பாட்டின் கடைசியில் சிம்பலை ஓங்கி அடித்துவிட்டு அது அடங்கக் காத்திருக்கும் ஆறேழு விநாடியில் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த கிளிக், மைக்கில் தெளிவாகப் பதிவாகியிருக்கும். பதிந்ததையெல்லாம் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். கடைசி அடிக்கு முன்பே கிளிக்கை நிறுத்தும்படி அமைத்து வைப்பவர்தான் அனுபவசாலி.

பாடகரின் ஹெட்ஃபோன் கலவை இதைவிட நுணுக்கம். தன் குரல் போதவில்லை என்றால் அவர் முட்டி மோதிப் பாடுவார், சுருதி மேலே ஏறும். தன் குரல் மிதமிஞ்சிக் கேட்டால் ஒடுங்கிப் பாடுவார், கீழே சரியும். 'சுருதி சேரலையே' என்று அவரைத் திட்டுவதற்கு முன், கலவையில் சுருதி பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்ரம்ஸும் சத்தம் போடும் கிட்டாரும் மட்டும் இருந்தால் எதைப் பிடித்து நிற்பார்? ஒரு கீபோர்டையோ பேஸையோ கொஞ்சம் ஏற்றினால் பாதிச் சிக்கல் தீரும். பலர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் திறந்த பக்கத்து ஹெட்ஃபோனைப் பின்மண்டையோடு ஒட்டிச் சாத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் அதிலிருந்து முழுக் கச்சேரியும் மைக்குக்குப் போகும்.

கணினியில் பதிகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில், கணினி 256 ஒலித்துளிகளை (சாம்பிள்) சேர்த்து வைத்து எடுக்கும் பஃபர் என்றால் ஒரு வழிக்கு மட்டும் 5.3 மில்லி விநாடி. போய் வரப் பத்துக்கு மேல். கிட்டார்காரர் பொறுத்துக்கொள்வார், மூன்றரை மீட்டர் தள்ளி ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்த மாதிரிதான். பாடகருக்குப் பொறுக்காது. அவர் குரல் தாடை எலும்பு வழியாகத் தாமதமின்றிக் கேட்கிறது; ஹெட்ஃபோனில் பின்னாலேயே இன்னொன்று வந்து மோதிக் குரல் தகர டப்பாவில் ஒலிப்பது போலாகும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியிலேயே, குரலை நேரே ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் 'நேரடி மானிட்டர்' வசதி இருக்கும், அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. எத்தனையோ பேர் இதைத் தொடாமல் மைக்கை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மாண்ட்ரோவில் இந்தத் தொல்லைகள் பலவும் இல்லை. ஐவரும் ஒன்றாக வாசித்தார்கள்.

போலீஸ் வந்த இரவில் பெவிலியனில் வாசித்தது சொல் இல்லாத வெறும் வாத்தியப் பகுதி. ஹோட்டலில் மற்ற பாட்டுகளை முடித்த பிறகு பார்த்தால் ஆல்பத்துக்கு நீளம் போதவில்லை. கிடந்ததை எடுத்தார்கள். கேசினோ எரிந்தபோது ஏரியின் மேல் பரவிய புகையைப் பற்றிச் சொல் எழுதினார்கள். தலைப்பு, பேஸ் வாசித்த ராஜர் க்ளோவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது வாயில் வந்தது. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இப்படிப் பிறந்தது. எல்லோரும் ஓடும் என்று நம்பிய பாட்டு வேறு. 'நெவர் பிஃபோர்' என்பதைத்தான் முதலில் தனித் தட்டாக விட்டார்கள். 'ஸ்மோக்' 1973-இல்தான் அமெரிக்காவில் தனித் தட்டாக வந்து நான்காம் இடம் வரை ஏறியது.

அந்தப் பாட்டின் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, கிட்டார் கடைக்குப் போகும் எல்லாப் பையன்களும் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள். ஐந்தாம் சுரத்தோடு சேர்த்து, பிக் என்ற சிறு தகட்டால் கீழ்நோக்கி அடிக்கிறார்கள். பிளாக்மோர் வாசிப்பது நான்காம் சுர ஜோடி: டி கம்பியும் ஜி கம்பியும் மட்டும். இரண்டையும் திறந்து ஒரு தடவை, மூன்றாம் கட்டையில், ஐந்தாம் கட்டையில். மறுபடி திறந்து, மூன்று, ஆறு, ஐந்து. பிக் கிடையாது. இரண்டு விரலால் இரு கம்பியையும் ஒரே கணத்தில் கிள்ளிவிட வேண்டும். பிக்கால் அடித்தால் ஒரு கம்பி ஒரு மயிரிழை முன்னால் ஒலிக்கும், அந்தக் கனம் வராது. கனம் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. திறந்த டி கம்பி 147 ஹெர்ட்ஸ், ஜி கம்பி 196. மார்ஷல் ஆம்பைக் கரகரக்கும் அளவுக்கு ஏற்றினால், இரண்டு சுரத்துக்கும் உள்ள வித்தியாசமும் ஒரு சுரமாக ஒலிக்கும். 196-இல் 147 போனால் 49. அது இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஜி. யாரும் வாசிக்காத ஒரு பேஸ் சுரம், கிட்டாருக்குள்ளிருந்தே வருகிறது. ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் மார்ஷல் ஆம்ப் வழியாகவே கரகரத்தபடி அதே ரிஃபோடு சேர்ந்துகொள்கிறது. கிட்டார் எங்கே முடிந்து ஆர்கன் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

மிக்ஸிங் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று: சத்தத்தை ஏற்றினால் பேஸும் உயர் சுரமும் காதுக்குக் கூடுதலாகத் தெரியும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஏற்றி வைத்து மிக்ஸ் செய்தால் அங்கே அட்டகாசமாக இருக்கும். வீட்டில் தணிவாகக் கேட்டால் பேஸ் காணாமல் போயிருக்கும். பேச்சுக் குரல் அளவில் வைத்து முக்கால்வாசி வேலையை முடித்து, அவ்வப்போது ஏற்றிப் பார்ப்பதுதான் சரி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே போய் டீ குடிக்க வேண்டும். டீ முக்கியமில்லை, வெளியே போவதுதான் முக்கியம்.

இனி மேடை. 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவிலும், 17 டோக்கியோ புடோகானிலும் டீப் பர்ப்பிள் வாசித்தது. பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டது ஜப்பானியக் கம்பெனி. குழுவுக்குப் பெரிய ஆர்வமில்லை. இஞ்சினியர் மார்ட்டின் பர்ச் எட்டு டிராக் இயந்திரத்தில் பதிந்தார். பிற்பாடு எதையும் மேலே சேர்த்து வாசித்துத் திருத்தவில்லை. அந்த இரட்டைத் தட்டில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மேடைப் பேச்சு கேட்கும். மானிட்டரில், அதாவது வாசிப்பவர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார் கில்லன். அதையொட்டி, எல்லாம் எல்லாவற்றையும் விடச் சத்தமாக வேண்டும் என்று ஒரு வேண்டுகோள் வருகிறது. சொன்னது வேடிக்கைக்குத்தான். ஆனால் மேடையில் நிற்கும் எல்லாருடைய கோரிக்கையும் உண்மையில் இதுவே. நம் கச்சேரி மேடையில் மிருதங்கக்காரர் மைக் செட்டுக்காரரைப் பார்த்து ஆள்காட்டி விரலை மேலே மேலே காட்டுகிறாரே, அதே கோரிக்கை.

ஏற்றினால் என்ன ஆகும்? பாடகரின் குரல் மைக்குக்குள் போய், காலடி மானிட்டரில் வந்து, அதை மைக் மறுபடி பிடித்து, மறுபடி மானிட்டருக்கு அனுப்பி, ஒரு சுற்று முடிந்ததும் 'கூ' என்று ஊளையிடும். ஆகவே கச்சேரிக்கு முன்பே ஆள் இல்லாத மேடையில் மானிட்டரை மெல்ல மெல்ல ஏற்றி, எந்த அதிர்வெண்ணில் ஊளை கிளம்புகிறதோ அதை, ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 3 டெசிபல் இறக்கி, இன்னும் ஏற்றி, அடுத்ததை இறக்கி, மூன்று நான்கு இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பேராசைப்பட்டுப் பத்து இடத்தில் இறக்கினால் ஊளை போகும், கூடவே குரலின் தெளிவும் போகும். பாடகர் 'கேட்கலை' என்பார். ஏற்றுவீர்கள். ஊளையிடும்.

மானிட்டரை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது. எஸ்.எம்.58 மாதிரி கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு. மானிட்டர் பாடகருக்கு நேரெதிரே இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும். பின்னால் இருபுறமும் சாய்வாக, சுமார் 125 டிகிரியில்தான் செவிடு. அதற்கு மானிட்டரைச் சற்று ஓரமாகத் தள்ள வேண்டும், அல்லது இரண்டு வைக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்து வைத்த பிறகு பாடகர் ஸ்டைலாக மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார். பின்பக்கத் துளைகள் மூடியதும் அந்த மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், ஊளை நிச்சயம். பழி சவுண்ட்காரர் மேல் விழும்.

ட்ரம்மருக்கும் பாடகருக்கும் நடுவே ஆறு மீட்டர் என்றால் ஸ்னேர் அவருக்கு 17 மில்லி விநாடி தாமதமாகக் கேட்கும். பெரிய மேடையின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே இருபது மீட்டர் இருந்தால் கிட்டத்தட்ட 60. அந்தத் தாமதத்தை நம்பி வாசித்தால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருந்து, பாட்டு மெல்ல மெல்ல நொண்டும். அதனால்தான் சிறிய குழுக்கள் எவ்வளவு பெரிய மேடை கிடைத்தாலும் நடுவில் நெருங்கி நிற்பது நல்லது. 1965-இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கு மேற்பட்டவர்களின் கூச்சலுக்கு நடுவே பீட்டில்ஸ் வாசித்தபோது மானிட்டரே கிடையாது. ட்ரம்மர் ரிங்கோ மற்றவர்களின் உடம்பு அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

சவுண்ட் செக்கில் எவ்வளவு அழகாக அமைத்தாலும் கூட்டம் வந்ததும் மாறும். மனித உடம்பும் துணியும் உயர் சுரத்தைக் குடித்துவிடும். காலி அரங்கில் காதைக் குத்திய சிம்பல், நிரம்பியதும் மங்கும். விளக்குச் சூட்டில் கிட்டார் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். ஏ.சி. அறையில் வைத்திருந்த கிட்டாரை நேரே மேடைக்குக் கொண்டுவந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும். அரை மணி முன்பே மேடையில் வைத்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் பெடலில் கேபிளைச் செருகி வைத்திருந்தாலே மின்சாரம் தின்னும், வாசிக்காவிட்டாலும். மதியம் சவுண்ட் செக், இரவு கச்சேரி, நடுவில் கேபிளைக் கழற்றவில்லை. மூன்றாவது பாட்டில் சோலோவுக்குக் காலை வைத்தால் ஒன்றும் வராது.

வால்வு ஆம்புக்குத் தனி மரியாதை வேண்டும். 100 வாட் மார்ஷலில் நான்கு இ.எல்.34 வால்வுகள் கொதித்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் கேபிளைச் செருகாமல் ஆன் செய்து வாசித்தால் வெளியேறும் சக்திக்குப் போக்கிடம் இல்லாமல் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட அதே பாவம். 10 வாட்டிலிருந்து 100 வாட் ஆம்புக்கு மாறினால் பத்து மடங்கு சத்தம் வராது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். இது தெரிந்தால் பாதிப் பேர் சின்ன ஆம்ப் வாங்கி முதுகைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

மின்சார விஷயத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. மேடையில் இரைச்சல் வந்தால் 'எர்த்' முள்ளை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, இரைச்சலும் நின்றுவிடும். பிறகு ஆம்பில் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் கிட்டார் கம்பிக்கு வந்து நிற்கும். எர்த் ஆகியிருக்கும் மைக்கில் உதடு பட்டதும் உடம்பு வழியாகப் பாயும். 1972 மே 3 அன்று வேல்ஸில் ஸ்வான்ஸீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். இரைச்சலுக்கு, வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டியில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானை அழுத்த வேண்டும், பிளக்கைத் தொடக்கூடாது. ஜெனரேட்டரில் ஓடும் மேடையென்றால் வாத்தியத்தைச் செருகுவதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியன் வரும் வரை உட்கார்ந்திருக்கலாம்.

இத்தனைக்கும் விலை காதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-இல் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். 1972-இல் லண்டன் ரெயின்போ அரங்கில் டீப் பர்ப்பிள் 117 டெசிபல் தொட்டதாகக் கின்னஸ் புத்தகம் பதிந்தது. 1976-இல் சார்ல்ட்டனில் த ஹூ குழு, ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126. அந்தக் குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்குக் காதில் ஓயாத இரைச்சல். ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016-இல், அப்படியே தொடர்ந்தால் முழுச் செவிடாகும் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் சுற்றுப்பயணத்தை நடுவில் விட்டார். காதுக்குள் பொருத்தும் மானிட்டர் வந்த பிறகு நிலைமை தேவலை. ஆனால் கூட்டத்தின் ஆரவாரம் கேட்கவில்லை என்று ஒன்றைக் கழற்றிவிடுவார்கள். இரண்டு காதில் கேட்ட அளவு வர, மிச்சமுள்ள காதில் ஏற்றிக்கொள்வார்கள். அதற்குப் பழைய தரை மானிட்டரே மேல். மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதையும் கலவையில் கொஞ்சம் சேர்த்துவிட்டால் கழற்றத் தோன்றாது. ஒத்திகைக்குச் சாதாரண மஞ்சள் பஞ்சு அடைப்பான் போட்டால் உயர் சுரம் கூடுதலாக அறுந்து எல்லாம் மந்தமாகும். அதனால்தான் யாரும் போடுவதில்லை. எல்லாச் சுரத்தையும் ஒரே அளவு குறைக்கும் இசைக்காரர் அடைப்பான் தனியே கிடைக்கிறது. 15 டெசிபல் குறைப்பது போதும்.

ஜப்பானில் பதிந்த மூன்று இரவுகளிலிருந்து தட்டுக்குப் பாட்டுகளைப் பொறுக்கியபோது பெரும்பாலானவை ஒசாகாவின் இரண்டாம் இரவிலிருந்து வந்தன. 'ஸ்மோக்' மட்டும் முதல் இரவிலிருந்து. கையில் கிள்ளும் அந்த ஆரம்ப ரிஃப் பிளாக்மோருக்கு அன்றைக்குத்தான் சரியாக விழுந்திருந்தது. இதைக் கேட்டுக் கலவை செய்ய வந்து உட்கார்ந்தவர்கள் க்ளோவரும் ட்ரம்மர் இயான் பெய்ஸும் மட்டும்தான். மற்ற மூவர் வரவில்லை.